மலை மேல் ஒரு பிரஸ் மீட்

என் ஸ்கூட்டரின் முன்னால் சிவப்பு எழுத்தில் 'பிரஸ்' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அதனால் எனக்கு இன்றுவரை சல்லிக்காசு பிரயோஜனம் இல்லை. பெட்ரோல் பங்க் பையன் ஒருத்தன் மட்டும், "சார், பேன்ட்டுக்கு எவ்வளவு, சட்டைக்கு எவ்வளவு?" என்று இஸ்திரி ரேட் விசாரித்தான்.

அப்பேர்ப்பட்ட ஸ்டிக்கர், போன வருஷம் ஜவ்வாது மலையில் என்னை ஒரு பாஸ்கெட்பால் டீமுக்குக் கோச் ஆக்கிவிட்டது.

ரிட்டயராகிப் போளூரில் வந்து உட்கார்ந்தவன் நான். ஜூலையில் ஒரு சனிக்கிழமை, மொட்டை மாடியில் ஈஸிசேரைப் போட்டு மல்லாந்திருந்தபோது வீட்டு அம்மாள் வந்தாள். "இங்க படுத்து நட்சத்திரம் எண்றதுக்கு, காவலூர் போய் எண்ணுங்களேன். அங்கயாவது பெரிய டெலஸ்கோப் இருக்கு. எனக்கும் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்."

நியாயமான யோசனை. ஜவ்வாது மலையில், காவலூரில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. 1986-ல் ராஜீவ் காந்தி வந்து திறந்து வைத்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கேதான். அதற்கு ஒன்பது வருஷம் முன்னால், 1977 மார்ச்சில், யுரேனஸ் கிரகத்துக்கும் சனி மாதிரி வளையம் இருக்கிறது என்று உலகத்தில் சில இடங்களில் ஒரே ராத்திரியில் கண்டுபிடித்தார்களே, அதில் காவலூரும் ஒன்று. அங்கே பெரும்பாலும் சனிக்கிழமைகளில்தான் பொதுஜனங்களை உள்ளே விடுவார்கள். ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

ஜூலை மாதத்தில் மலை மேல் நட்சத்திரம் பார்க்கப் போகிறவனுக்கு என்ன கிடைக்குமோ அது கிடைத்தது. மேகம். ராத்திரி ஜமுனாமரத்தூரில் ஒரு அறை எடுத்துப் படுத்து, காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த பி.டி. மாஸ்டர் என் ஸ்கூட்டரைச் சுற்றி வந்தார்.

"சார், பிரஸ்ஸா?"

"ஆமாம்" என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து. ஐந்து வருஷத்தில் முதல்முறையாக ஒருத்தர் மரியாதையாகக் கேட்கிறார்.

"எங்க ஸ்கூல் பொண்ணுங்க பாஸ்கெட்பால் ஆடறாங்க. வந்து பாத்துட்டு நாலு வரி எழுதுங்க சார். அப்பவாவது யாராவது ஒரு பந்து வாங்கித் தர மாட்டாங்களா?"

போனேன். யுரேனஸின் வளையத்தைக் கண்டுபிடித்த மலையில் அன்றைக்கு நான் பார்த்தது ஒரே ஒரு இரும்பு வளையம். வலை கிடையாது. இன்னொரு பக்கத்துக் கம்பத்தில் வளையமும் கிடையாது, பலகை மட்டும். மைதானம் மேற்கே சரிந்து, அப்படியே பள்ளத்தில் போய் முடிகிறது. பந்து ஒன்றுதான். அது கோட்டைத் தாண்டினால் உருண்டு உருண்டு புளியமரத்தடி வரை போய்விடும். யாராவது ஒருத்தி இறங்கி ஓடி எடுத்துக்கொண்டு ஏறி வருகிறவரை ஆட்டத்துக்கு இடைவேளை.

ஒன்பது பெண்கள். எல்லாருக்கும் 14-க்குள் வயது. உயரம் என்று பார்த்தால், ஒருத்தியைத் தவிர மற்றவர்கள் என் தோளுக்குக் கீழே. எல்லாரும் மலையாளிகள். கேரளா என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நானும் முதலில் 'சுகமாணோ' என்று ஆரம்பித்து அசடு வழிந்தேன். மலையில் இருக்கிறவர்கள் என்று அர்த்தம். ஜவ்வாது, ஏலகிரி, கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, சேர்வராயன் எங்கும் இருக்கிற பழங்குடி மக்கள். வீட்டில் பேசுவது தமிழ்தான்.

அங்கேதான் என் நாக்கில் சனி உட்கார்ந்தது. "நானும் காலேஜில் பாஸ்கெட்பால் டீம்ல இருந்தேன்" என்று சொல்லிவிட்டேன்.

இருந்தேன் என்பது உண்மை. பன்னிரண்டு பேர் டீமில் பன்னிரண்டாவது ஆள். மூன்று வருஷத்தில் மொத்தமாக ஒரு முழு மேட்ச் அளவுக்கு உள்ளே இறங்கியிருப்பேன். மற்ற நேரமெல்லாம் டவலும் எலுமிச்சம்பழமும் என் இலாகா. ஆனால் ஒன்று. பெஞ்சில் உட்கார்ந்தவன் அளவுக்கு ஆட்டத்தைப் பார்த்தவன் எவனும் கிடையாது.

"அப்ப டிபென்ஸ் சொல்லிக் குடுங்க சார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார் மாஸ்டர். "எனக்குக் கபடியும் கோ-கோவும்தான் தெரியும். ஜனவரியில கீழ டவுன்ல மேட்ச். போன தடவை போய் 40-க்கு 3-ன்னு வாங்கிட்டு வந்தோம். அந்த 3 கூட ஃப்ரீ த்ரோ."

"உயரம் இல்லாதவங்களுக்கு ஒரே வழி பிரஸ்தான்" என்றேன்.

"அதான் நீங்களே பிரஸ்ஸாச்சே!"

இந்த பிரஸ் என்னவென்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். பாஸ்கெட்பால் மைதானம் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். சாதாரணமாக ஒரு டீம் கூடை போட்டதும், எல்லாரும் ஓடிப்போய்த் தங்கள் வளையத்துக்குக் கீழே நின்றுகொண்டு, 'வாங்கம்மா வாங்க' என்று எதிராளியை வரவேற்பார்கள். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே போய் நின்று ஆடினால், நெட்டையானவர்கள் நெட்டையாக இருப்பதன் முழுப் பலனையும் அனுபவிப்பார்கள். அப்படி விடாமல், பந்தை உள்ளே எறிகிற அந்தக் கடைசிக் கோட்டிலேயே போய் மறிப்பதுதான் பிரஸ். விதி நம் பக்கம். வெளியிலிருந்து பந்தை எறிய 5 செகண்ட்தான். உள்ளே வந்த பந்தை நடுக்கோடு தாண்டிக் கொண்டுபோக 8 செகண்ட்தான். (என் காலத்தில் 10. 2000-ல் குறைத்துவிட்டார்கள்.) இரண்டில் எது தவறினாலும் பந்து நமக்கு. உயரம் இந்த 8 செகண்டில் எந்த உதவியும் செய்யாது. காலும் மூச்சும்தான் செய்யும். இந்தப் பெண்களில் பாதிப் பேர், வாரக் கடைசியில் வீட்டுக்குப் போனால் திங்கட்கிழமை காலையில் ஏழெட்டு கிலோமீட்டர் மேடும் பள்ளமும் நடந்து ஸ்கூலுக்கு வருகிறவர்கள். கீழே டவுனில், தெருமுனைக் கடைக்கே ஸ்கூட்டரில் போகிற பிள்ளைகள். இதுதான் என் கணக்கு.

இது என் சொந்தச் சரக்கு இல்லை. கலிபோர்னியாவில் விவேக் ரனடிவே என்று ஒருத்தர். மும்பையில் பிறந்து வளர்ந்து, அமெரிக்கா போய் சாஃப்ட்வேர் கம்பெனி நடத்திப் பெரிய ஆளானவர். தன் 12 வயது மகளின் டீமுக்குக் கோச்சாக இருக்க ஒப்புக்கொண்டார். ஆளுக்கு பாஸ்கெட்பால் தெரியாது. கிரிக்கெட்டும் கால்பந்தும் பார்த்து வளர்ந்தவருக்கு, 'கூடை போட்டதும் ஏன் எல்லாரும் பாதி மைதானத்தைச் சும்மா விட்டுக்கொடுத்துவிட்டு ஓடுகிறார்கள்?' என்று ஒரே ஆச்சரியம். விவரம் தெரியாதவன் கேட்கிற கேள்விதான், ஆனால் விவரம் தெரிந்தவர்களிடம் பதில் இல்லை. டீமில் பாதிப் பேருக்குப் பந்தைக் கூடையில் போடத் தெரியாது. ஆகவே மேட்ச் முழுக்க, மைதானம் முழுக்க பிரஸ். அந்தக் கத்துக்குட்டிகள் அமெரிக்க தேசியப் போட்டி வரை போய்விட்டார்கள். மால்கம் கிளாட்வெல் 2009-ல் இதை 'நியூயார்க்கர்' பத்திரிகையில் எழுதப்போய் உலகப் பிரசித்தம். ரனடிவே பிற்பாடு, 2013-ல், சாக்ரமென்டோ கிங்ஸ் என்கிற பெரிய தொழில்முறை டீமையே வாங்கிவிட்டார். நான் ஸ்கூட்டருக்கு ஒரு டயர் வாங்கினேன்.

அவருக்கும் முன்னால், 1964-ல், ஜான் உடன் என்கிற கோச்சின் யு.சி.எல்.ஏ. டீம். ஐந்து பேரில் ஆறடி ஐந்தங்குலத்துக்கு மேல் ஒருத்தர் கிடையாது. நமக்கு அது பனைமரம். அவர்களுக்கு அது குட்டை. உதவிக் கோச் ஜெர்ரி நார்மன் விடாமல் நச்சரித்து 2-2-1 என்று ஒரு பிரஸ்ஸைப் போட வைத்தார். அந்த சீஸனில் 30 ஆட்டம், 30-ம் ஜெயம். பந்தைப் பிடுங்குவது மட்டும் அதன் நோக்கமில்லை. எதிராளியை அவசரப்பட வைப்பது. நிதானமானவன் அவசரப்பட்டால் அவனே பந்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிடுவான். கல்யாண மண்டபத்தில் ரயிலுக்கு நேரமானவர் செருப்பைத் தேடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அதேதான்.

மறு சனிக்கிழமையிலிருந்து பாடம் ஆரம்பம். முதல் மூன்று வாரம் பந்தைத் தொடவே விடவில்லை. முழங்காலை மடக்கி, இல்லாத முக்காலியில் உட்கார்ந்த மாதிரி நின்று, கால்களைக் குறுக்கே போடாமல் பக்கவாட்டில் நகர வேண்டும். கைகள் முதுகுக்குப் பின்னால். இது முக்கியம். எல்லாக் குழந்தைகளும் கையால்தான் பிடுங்கப் பார்க்கும். கையை நீட்டினால் உடம்பு முன்னால் சாயும், கால் நின்றுபோகும், பந்து வைத்திருப்பவள் பக்கவாட்டில் சிட்டாய்ப் பறந்துவிடுவாள். போதாக்குறைக்கு ரெஃப்ரி விசில் ஊதுவார். ஐந்து ஃபவுல் ஆனால் ஆளே வெளியே. டிபென்ஸ் என்பது கால் சமாச்சாரம். கை வெறும் அலங்காரம்.

பந்தைப் பிடுங்குகிற கட்டம் வந்தபோது அந்தப் பள்ளம் எனக்குப் பெரிய உபகாரம் செய்தது. கண்டபடி தட்டினால் பந்து வெளியே போய்ப் புளியமரத்தடிக்கு உருளும். தட்டியவள்தான் ஓட வேண்டும். ஆகவே இவர்கள் யாரும் பந்தைத் தட்டமாட்டார்கள். கொய்யாப்பழம் பறிக்கிற மாதிரி இரண்டு கையாலும் சுத்தமாக எடுப்பார்கள். நல்ல மைதானம் இருந்திருந்தால் இதைச் சொல்லித்தர எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கும்.

அடுத்தது 'டிராப்'. அதாவது பொறி. பந்து வைத்திருப்பவளை இரண்டு பேர் சேர்ந்து கோட்டோரமாக ஒடுக்குவது. நான் கரும்பலகை கொண்டுவரச் சொல்லி வட்டமும் அம்புக்குறியுமாக வரைந்தேன். முன்னால் ஒருத்தி, பின்னால் இரண்டு பேர், அதற்குப் பின்னால் ஒருத்தி, கடைசியில் ஒருத்தி. 1-2-1-1. இவள் இங்கே ஓடினால் அவள் அங்கே. கால்மணி நேரம் விளக்கிவிட்டுத் திரும்பினால், ஒன்பது முகத்திலும் அமாவாசை.

டீமிலேயே சின்னவள் ஒருத்தி. சரியான வால். அவள்தான் கை தூக்கினாள்.

"சார், கோழி புடிக்கிற மாதிரியா?"

"கோழியா?"

"கோழியத் தொரத்தக் கூடாது சார். தொரத்துனா பறந்துரும். ஒராளு மெதுவா மூலைக்கு ஓட்டணும். இன்னோராளு அது திரும்புற பக்கம் அடைக்கணும். அது பயந்து எகிறும் பாருங்க, அது எங்க வந்து விழும்னு ரெண்டு பேரு முன்னாடியே போய் நிக்கணும்."

"கடைசி ஆள்?"

"அது வீட்டு வாசல்ல நிக்கும். கோழி வீட்டுக்குள்ள பூந்துட்டா அப்புறம் சட்டி பானையெல்லாம் போச்சே!"

கரும்பலகையை அழித்துவிட்டேன். அமெரிக்காவில் தடிதடியாகப் புஸ்தகம் எழுதிச் சொல்கிற சங்கதி மொத்தமும் இவ்வளவுதான். பந்தை ஓட்டுகிறவள் மூலைக்கு ஓட்ட வேண்டும். கோடு என்பது சம்பளம் வாங்காத ஆறாவது ஆட்டக்காரி. இரண்டாமவள் வந்து முழங்காலோடு முழங்காலாக இடைவெளியில்லாமல் அடைக்க வேண்டும். இரண்டு பேரும் கையை உயரே தூக்குவதோடு சரி, பிடுங்கக் கூடாது. உள்ளே மாட்டியவள் பதறி எறிகிற பந்து மெதுவாக, உயரமாக, வளைந்து வரும். அதை எடுப்பது மூன்றாமவளும் நாலாமவளும். பொறி வைத்தவர்களுக்குப் பெயர் வராது. பந்தை எடுத்தவளுக்குத்தான் கைதட்டல். பெரியவர்கள் டீமில் இதை ஒப்புக்கொள்ள வைப்பதற்குள் கோச்சுக்குத் தலை நரைத்துவிடும். இவர்கள் ஒரு மத்தியானத்தில் ஒப்புக்கொண்டார்கள். கோழி பிடித்தவள் யார் என்று எந்த வீட்டிலும் கேட்பதில்லை, குழம்பு எப்போது என்றுதான் கேட்பார்கள்.

பாக்கி இருந்த ஒரே பிரச்னை, வாசலில் நிற்பவள். டீமிலேயே உயரமானவளை அங்கே போட்டிருந்தேன். பிரஸ்ஸில் கடைசியில் நிற்பவளுக்குத்தான் மைதானம் முழுக்கக் கண்ணில் தெரியும். முன்னால் இருக்கிற நாலு பேருக்கும் முதுகுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று அவள்தான் கத்திச் சொல்ல வேண்டும். 'இடது பக்கம் ஆள் வருது', 'திரும்பு', 'விட்டுட்டு ஓடி வா'. பேச்சு இல்லாத பிரஸ், திரி இல்லாத பட்டாசு. இவளோ வாயே திறக்கமாட்டாள். ஆஜர் சொல்வதற்கே கையைத்தான் தூக்குவாளாம். மனசுக்குள் அவளுக்கு 'மௌனராகம்' என்று பெயர் வைத்திருந்தேன்.

"கத்தும்மா" என்றேன். தலையைக் குனிந்துகொண்டாள். "சும்மா ஏதாவது கத்து, திட்டக்கூடச் செய்" என்றேன். இன்னும் குனிந்தாள். இரண்டு வாரம் இப்படியே போயிற்று.

மாஸ்டர்தான் வழி சொன்னார். "சார், அது வீட்டுல ஆடு மேய்க்கும். அதைக் கேளுங்க."

"உன் தம்பி எதிர் மலையில் ஆட்டோடு நிற்கிறான், மழை வருகிறது. எப்படிக் கூப்பிடுவாய்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். அப்புறம் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பி நின்று ஒரு கூப்பாடு போட்டாள் பாருங்கள்! டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வெளியே வந்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் தூரத்தை 'கூப்பிடு தூரம்' என்று அளந்தார்களே, அது எவ்வளவு நீளம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. 28 மீட்டர் எம்மாத்திரம்!

நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை போனபோது எட்டுப் பேர்தான் இருந்தார்கள். வாலைக் காணோம். அப்பா அம்மா கர்நாடகா பக்கம் காபி எஸ்டேட் வேலைக்குப் போகிறார்கள், பின்னால் இருக்கிற கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று இவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். "வருமா?" என்று கேட்டேன். "சில பேரு வரும், சில பேரு வராது சார்" என்றார் மாஸ்டர், அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரைப் பார்த்தபடி. முன்னால் நிற்கிற அந்த ஒற்றை ஆள் இடத்துக்கு வேறொருத்தியை மாற்றினேன். கால் இருந்தது, குறும்பு இல்லை. பொறி அரை செகண்ட் லேட்டாகத்தான் மூடியது.

ஜனவரி. கீழே ஒரு டவுன். ஊர்ப்பெயர் வேண்டாம். சிமென்ட் தரை, இரண்டு பக்கமும் வலையோடு வளையம். நம் பெண்கள் முதல் பத்து நிமிஷம் அந்த வலையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

முதல் மேட்ச், மினுமினுவென்று ஷூ போட்ட ஒரு பெரிய ஸ்கூல். நம் கேப்டனின் தலை எதிர் கேப்டனின் காதுக்கு வந்தது. முதல் கூடையை அவர்கள் போட்டார்கள், இரண்டாவதும். மூன்றாவது முறை நாம் போட்டோம். போட்ட கையோடு ஐந்து பேரும் ஓடிப் பின்னால் வராமல் அங்கேயே நின்றதைப் பார்த்து, எதிர்க்கட்சிப் பெண் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஏதோ தப்பு நடக்கிறது என்று ரெஃப்ரியைத் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் 5 செகண்ட் முடிந்துவிட்டது. பந்து நமக்கு. அப்புறம் மூலை, முழங்கால், உயரமாக வளைந்து வருகிற பந்து, கொய்யாப்பழம். பின்னாலிருந்து மௌனராகத்தின் கூப்பாடு. 22-14. மாஸ்டர் என்னைத் தூக்கப் பார்த்தார். முடியவில்லை. மனிதர் கபடி ஆடியவர், ஆனால் நான் ரிட்டயரான பிறகு கொஞ்சம் சதை போட்டிருக்கிறேன்.

இரண்டாவது மேட்ச்தான் நான் சொல்ல வந்தது. எதிரே வந்தது ஒரு சின்ன ஸ்கூல். அவர்களுக்கும் அதுதான் முதல் வருஷமாம். ஆளாளுக்கு ஒரு கலர் டீஷர்ட், முதுகில் நம்பரைச் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். நம்மிடமும் அதே பிரஸ்தான். 10-0 ஆயிற்று, 18-0 ஆயிற்று. அவர்களால் ஒரு தடவைகூட நடுக்கோட்டைத் தாண்ட முடியவில்லை. பந்தை எடுத்து உள்ளே எறிய வேண்டிய பெண்ணுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. 26-0. நான் என்ன செய்தேன் தெரியுமா? பெஞ்சிலிருந்து எழுந்து, "விடாதே, அடை, அடை!" என்று கத்திக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம் டவல் பிடித்தவனுக்கு 26-0 என்பது எவ்வளவு பெரிய போதை என்று உங்களுக்குத் தெரியாது.

அப்போது பின்னாலிருந்து அந்தக் கூப்பாடு வந்தது. எதிர் மலை ஆட்டைக் கூப்பிடுகிற அதே குரல்.

"எல்லாம் பின்னால வாங்க! விட்டுட்டு வாங்க!"

நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்கள். வந்துவிட்டார்கள். நடுங்கின பெண் தட்டித் தட்டிப் பந்தை நடுக்கோடு தாண்டிக் கொண்டுவந்தாள். எங்கள் பெண்கள் கையை உயர்த்தி நின்றார்கள், அவ்வளவுதான். எறிந்தாள், பலகையில் பட்டு வெளியே வந்தது. மறுபடி எடுத்து எறிந்தாள், உள்ளே போயிற்று. சுற்றி இருந்த கூட்டம் கப் ஜெயித்த மாதிரி கைதட்டியது. நான் வாயைத் திறந்து திட்ட ஆரம்பித்தேன், மாஸ்டர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"இது நீங்க சொல்லிக் குடுத்ததா சார்?" என்றார், கண் கலங்கி.

"ஆமாம்" என்று பொய் சொன்னேன்.

இந்த விஷயத்தில் உலகம் பூரா சண்டை இருக்கிறது. ரனடிவே டீமோடு ஆடித் தோற்ற கோச்சுகள், 'இது பாஸ்கெட்பாலே இல்லை' என்று கத்தியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் பாதி நியாயம். பத்து வயதுக் குழந்தைக்கு நீளமாகப் பந்து எறியக் கையில் வலு இருக்காது. தட்டும்போது குனிந்து பந்தைத்தான் பார்க்கும். அதை இரண்டு பேர் சேர்ந்து அடைத்தால், ஆட்டத்தையே கற்றுக்கொள்ளாமல் அழுதுகொண்டு வீட்டுக்குப் போய்விடும். அமெரிக்காவில் என்.பி.ஏ.வும் அவர்கள் தேசிய பாஸ்கெட்பால் அமைப்பும் சேர்ந்து போட்ட வழிகாட்டியில், சின்ன வயதுப் பிரிவில் பிரஸ்ஸே வேண்டாம், ஆளுக்கு ஆள் டிபென்ஸ் போதும் என்கிறார்கள். பிரஸ் போட்டு ஜெயிக்கிற டீமுக்கும் அதில் ஒரு நஷ்டம் உண்டு. நான் அதை மூன்றாவது மேட்சில் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது டீமின் கோச் விஷயம் தெரிந்தவர். முதல் இரண்டு ஆட்டத்தையும் ஓரமாக நின்று பார்த்திருக்கிறார். தன் பெண்களிடம், 'மூலைக்குப் போகாதே, நடுவிலே ஒருத்திக்குக் கொடு, தட்டாதே, எறி' என்று மூன்றே மூன்று விஷயம் சொல்லி அனுப்பினார். பிரஸ்ஸுக்கு மருந்து அதுதான். பொறி மூடுவதற்குள் நடு மைதானத்துக்குப் பந்து போய்விட்டது. நம் பெண்கள் களைத்துப்போய்க் கையை நீட்ட ஆரம்பித்தார்கள். விசில், விசில். ஒரு கால்பகுதியில் நாலு ஃபவுலைத் தாண்டினால் ஒவ்வொன்றுக்கும் எதிராளிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. இரண்டு பேர் ஐந்து ஃபவுலோடு வெளியே வந்தார்கள், ஒருத்திக்குக் கால் பிசகியது. பெஞ்சில் என்னையும் டவலையும் தவிர வேறு யாரும் இல்லை. பிரஸ்ஸை எடுத்துவிட்டுப் பின்னால் வந்து ஆடச் சொல்லலாம் என்றால், பின்னால் வந்து என்ன செய்வது என்று நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லையே! ஆறு மாதம் முழுக்கக் கோழியே பிடித்துக்கொண்டிருந்தோம். பந்தைக் கூடையில் எறிவதற்குக்கூட ஒழுங்காகப் பழக்கவில்லை. 19-33.

ரனடிவேயும் தேசியப் போட்டியில் இப்படித்தான் மாட்டினார். தொட்டதற்கெல்லாம் ரெஃப்ரி ஃபவுல் ஊத, வேறு வழியில்லாமல் பிரஸ்ஸை எடுக்கச் சொன்னார், தோற்றார். அவர் எடுத்துத் தோற்றார். நான் எடுக்காமல் தோற்றேன். மற்றபடி எங்கள் இரண்டு பேருக்கும் நிறைய ஒற்றுமை.

ராத்திரி பஸ்ஸில் மலை ஏறும்போது பெண்கள் எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். தோற்ற டீம் என்று யாரும் சொல்ல முடியாது. மௌனராகம் ஜன்னலோரம் என் பக்கத்து சீட்டில் இருந்தாள். "ஏம்மா பிரஸ்ஸை எடுக்கச் சொன்னே?" என்று கேட்டேன். பதில் சொல்ல மூன்று கொண்டை ஊசி வளைவு எடுத்துக்கொண்டாள்.

"போன வருசம் நாங்க 40-க்கு 3 சார். அதுல பந்து வெளியேருந்து எறிஞ்சது நான்தான்."

அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

இப்போது பாடத்திட்டத்தை மாற்றியிருக்கிறேன். முதல் அரைமணி கூடையில் எறிவது. அடுத்தது ஆளுக்கு ஆள் டிபென்ஸ். கடைசி இருபது நிமிஷம்தான் பிரஸ். எப்போது போடுவது, எப்போது எடுப்பது என்று தீர்மானிக்கிற பொறுப்பை வாசலில் நிற்பவளிடம் கொடுத்தாயிற்று. எனக்கு டவல் இலாகா திரும்பக் கிடைத்துவிட்டது. பழக்கமான வேலை.

பிப்ரவரி கடைசியில் போனபோது வரிசையில் ஒன்பதாவதாக ஒரு தலை தெரிந்தது. வெயிலில் கறுத்து, இன்னும் இளைத்து. "வந்துட்டியா?" என்றேன். "மேட்சுல கோழி மாட்டுச்சா சார்?" என்றாள் எடுத்த எடுப்பில். நடந்ததையெல்லாம் எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மூன்றாவது மேட்ச் கதையைக் கேட்டுவிட்டு, "முன்னாடி நின்ன ஆளு தொரத்தியிருக்கும்" என்று தலையை ஆட்டினாள்.

இந்தப் பத்திரிகைக்கு நான் நாலு வரி எழுதுவதற்கு முன்னாலேயே, போளூரில் ஒரு கடையில் என் காசில் புதுப் பந்து ஒன்று வாங்கிக்கொண்டு போயிருந்தேன். ஆக, இப்போது பந்து இரண்டு. வாங்கிய பத்தாவது நிமிஷம் புதுப்பந்து கோட்டைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கிற்று. அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பழையதும் கூடவே போயிற்று. வால்தான் முதலில் ஓடினாள். பாதி தூரம் இறங்கியதும் திரும்பிப் பார்த்து, "சார், ரெண்டு பேரா வந்தாதான் புடிக்க முடியும்!" என்று கத்தினாள்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நானும் இறங்கினேன்.